நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதம்

"டீச்சரம்மாவுக்கு, இனிமேல் எனக்குக் காயிதம் போட வேண்டாம். கரண்டு வைக்கவும் நான் வரமாட்டேன்."

அஞ்சலட்டையில் இவ்வளவுதான். தாமல் தபால் முத்திரை, ஜூன் 1972. நாள் கலங்கியிருக்கிறது, 11 அல்லது 17. பதினொன்று ஞாயிற்றுக்கிழமை. ஆகவே 17 என்று கொள்கிறேன்.

எழுதியவர் என்னைவிட மூத்தவர், தாமலில் விவசாயக் குடும்பத்து மருமகள். அக்கா என்றுதான் அழைப்பேன். அந்த வருடம் பங்குனியில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் அவருக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் மார்பில் அறுவை நடந்தது. மூன்றாவது கட்டிலில் முசரவாக்கத்துப் பெண் ஒருத்தி. கூலி வேலைக்குப் போகிறவள், எங்கள் இருவருக்கும் இளையவள். மூன்று பேரும் வீடு திரும்பிய பிறகு எங்களுக்குள் ஒரு இன்லண்ட் லெட்டர் சுற்றி வர ஆரம்பித்தது. நான் பாதி எழுதி தாமலுக்கு அனுப்புவேன். அக்கா தன் பங்கை எழுதி, வேறு உறையில் போட்டு முசரவாக்கத்துக்கு. அவளுக்கு எழுத்து தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி படித்துக் காட்டி, சொல்லச் சொல்ல எழுதுவாள்.

கை எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது, எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கவில்லை, இவைதான் விஷயங்கள். ரவிக்கைக்குள் வைக்க நான் பட்டுநூல் கழிவை அடைத்துப் பை தைத்தேன். கனமில்லாமல் தோள்வரை ஏறிக்கொண்டது. முசரவாக்கத்தாள் கேழ்வரகு போட்டுத் தைத்திருந்தாள். "நல்லா உக்காந்துகினு இருக்குது. வேர்வையில மொளைச்சா அறுத்துக் களி கிண்டிக்கலாம்" என்று எழுதச் சொல்லியிருந்தாள். அதைப் படித்து அன்று முழுக்கச் சிரித்தேன்.

அக்காவுக்கு மட்டும் ஒரு சிக்கல். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்க்குப் புற்று என்றால் மகளுக்கும் வரும் என்று ஊர் பேசும். அதனால் கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. மாமியாருக்குக்கூட அது வயிற்றுக் கட்டி ஆபரேஷன்தான். கரண்டு வைக்க, அதாவது கதிர் சிகிச்சைக்கு, வயிற்று மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். இன்னும் ஒன்பது தடவை பாக்கி. நடுவில் விட்டால் பலனில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

என் கடிதம் வரும்போதெல்லாம் சாவுச் செய்தியோ என்று மாமியார் பதறுகிறார் என்று அக்கா ஒருமுறை எழுதினார். பதறாமல் இருக்கட்டும் என்று அடுத்த கடிதத்தில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். செய்தது அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் பிள்ளை வீட்டார் வந்து பெண்ணைப் பார்த்துப் போயிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. மஞ்சளைக் கண்ட மாமியார், சம்மதம் வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, தபால்காரரையே உரக்கப் படிக்கச் சொன்னாராம். மார்பை எடுத்த இடம் ஆறிவிட்டதா, ஒன்பது கரண்டையும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதியதைத் தெருவே கேட்டது.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அட்டை கிடைத்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வழியில் முசரவாக்கத்தில் இறங்கி அவளையும் கூட்டிக்கொண்டேன். மஞ்சள் தடவியதைச் சொன்னதும் பஸ்ஸில் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணக் காயிதத்துக்குத்தான் மஞ்சள்னு எனக்கே தெரியும். இத்தினி படிச்சிக்கினு உங்களுக்குத் தெரியலியா டீச்சரம்மா?"

தாமலில் அக்கா எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். வாசலில் மாமியார் மட்டும் நின்றார். திட்டு வாங்கத் தயாராகவே போயிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து, எந்தப் பக்கம் என்று கேட்டார். இடது என்றேன். தோளிலிருந்து முழங்கை வரை மெல்லத் தடவிப் பார்த்தார்.

"இவளுக்கும் அந்தப் பக்கந்தாம்மா. மூணு மாசமா அந்தக் கையால தண்ணிக் குடம் தூக்க வெச்சேன். மெதுவா நடக்கிறாளேன்னு ஏசுனேன். ஒரு வார்த்த சொல்லலியே எங்கிட்ட."

உள்ளேயிருந்து அக்காவின் அழுகை கேட்டது. மாமியார் திரும்பி, சத்தம் உயராமல் சொன்னார்: "நாளைக்கு மொத பஸ்ஸுக்கு நானும் வரேன். குடத்தை உம் புருஷன் தூக்கட்டும்."

முசரவாக்கத்தாள் தன் கேழ்வரகுப் பையை ரவிக்கையிலிருந்து எடுத்து அவரிடம் காட்டினாள். அவர் அதைக் கையில் வைத்து எடை பார்த்தார். தைத்த முடிச்சைப் பார்த்து, தையல் கோணல் என்றார்.

புதன்கிழமை அக்காவும் மாமியாரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒன்பது தடவையும் மாமியார் கூடவே வந்து, வராந்தாவில் காத்திருந்தார். கடைசி நாள் ஜூலை 7. பள்ளி முடிந்து நானும் போயிருந்தேன்.

பிள்ளை வீட்டாரிடமிருந்து பதில் வரவில்லை. என்னால்தானே என்று அன்று மாமியாரிடம் கேட்டேன். அதெல்லாம் இல்லை, அவர்கள் வருவதற்கு முன்பே ஜாதகம் சரியில்லை என்று ஜோசியர் சொல்லிவிட்டார் என்றார். அப்படியானால் மஞ்சளைக் கண்டதும் சம்மதம் என்று ஏன் ஊரைக் கூப்பிட்டார் என்பது வீடு வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. அந்த ஜாதகங்களை நான் பார்க்கவில்லை. ஜோசியர் யார் என்றும் தெரியாது. மாமியார் சொன்னது உண்மையா, என் மனம் நோகக்கூடாது என்று சொன்னதா, இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.