அப்பாவுக்காக முன்கூட்டியே வாங்கிய நத்தார் மரம்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் பலர் எங்கள் அப்பாவை என்னைவிட நீண்ட காலம் அறிந்தவர்கள். ஆகவே நான் அவரைப் பெரிதாகப் புகழத் தேவையில்லை. புகழ்ந்தால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். அப்பா மறைந்து முப்பத்தொரு நாளாகும் இன்று, மகளாக எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். அதில் நான் செய்த பிழையும் இருக்கிறது.

அப்பா மன்னார் விடத்தல்தீவில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தன் தகப்பனாரோடு கடலுக்குப் போகத் தொடங்கினார். நண்டு வலையில் அவருடைய கை ராசியான கை என்று ஊரில் சொல்வார்கள். வாய்தான் அப்படியல்ல. கரையில் மீன் வாங்க வந்தவரிடம், "இது நேற்றையான் மீன். வீட்டிலை பூனை நிண்டாக் கொண்டு போங்கோ" என்று சொல்லித் தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்டவர் அவர். பேசாலையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அம்மா, இந்த மனிதரோடு ஒரு சின்னப் பொய்யும் சொல்லிக் குடும்பம் நடத்த முடியாது என்பதை முதல் வருடத்திலேயே விளங்கிக்கொண்டாராம்.

போர்க்காலத்தில் எங்கள் குடும்பமும் ஊரை விட்டுப் புறப்பட்டது. மடு, வெள்ளாங்குளம், அதற்குப் பிறகு நான் பெயர் சொல்ல விரும்பாத இடங்கள். தறப்பாள் போட்ட அகதிக் கொட்டிலுக்குள்ளும் அப்பா கிறிஸ்து பிறந்த நாளான நத்தாருக்கு மரம் வைத்தார். ஒரு வருடம் வேறொன்றும் அகப்படாமல் முள் மரக் கொப்பொன்றை வெட்டி வந்து பஞ்சு ஒட்டினார். தம்பியும் நானும் கையைக் குத்திக்கொண்டு அழுதோம். ஊர் திரும்பியபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. கூரை போட மூன்று வருடம் எடுத்தது. மரம் வைப்பது ஒரு வருடமும் தவறவில்லை.

அந்த மரத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு சதமும் செலவானதில்லை. நத்தாருக்கு முதல்நாள் காலையில் அப்பா சித்தப்பாவின் காணிக்குப் போய் நல்ல சவுக்குக் கொப்பாகப் பார்த்து வெட்டி வருவார். பெயின்ற் வாளிக்குள் மண் நிரப்பி அதை நடுவார். சவுக்கு நாலைந்து நாளில் காய்ந்து கொட்டிவிடும் என்பதால் முந்தி வெட்ட முடியாது. முடிந்தாலும் அவர் வெட்டமாட்டார். "விருந்தாளி வர முதல் சோறு போட்டு வைக்கிறதில்லை" என்பார். மன்னார்க் கடைகளில் பிளாஸ்ரிக் மரங்கள் வரத் தொடங்கியபோது, காசு கொடுத்து மரம் வாங்குகிறவர்களை நினைத்து அவருக்கு ஒரே சிரிப்பு.

சென்ற ஒக்ரோபர் மாதக் கடைசியில் அப்பாவைப் பார்த்த வைத்தியர் என்னை வெளியே அழைத்தார். புற்றுநோய் ஈரல் முழுவதும் பரவிவிட்டது, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். "நத்தார் வரைக்கும் எண்டும் என்னாலை சொல்லேலாது, தங்கச்சி" என்றார்.

அப்பாவிடம் நாங்கள் ஈரலில் புண் என்றோம். மருந்துக்கு மாறிவிடும் என்றோம். அம்மா, நான், பிரான்சிலிருக்கும் தம்பி மூவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. தம்பிக்கு இன்னும் அங்கே வதிவிட அனுமதி கிடைக்கவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. வர முடியாத அவன் என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். "அக்கா, அப்பா இன்னும் ஒரு நத்தாரைப் பாக்கட்டும். மரத்தை இப்பவே வையுங்கோ. என்ன விலையெண்டாலும் நான் அனுப்பிறன்."

நவம்பர் மாதக் கடைசி அது. சவுக்கு தாங்காது, கடை மரம்தான் வாங்க வேண்டும். ஆனால் நவம்பரில் வீட்டுக்குள் மரம் வந்தால் அப்பா ஏன் என்று கேட்பார். அதற்கு அம்மா ஒரு கதை தயார் செய்தார்: தம்பி அனுப்பிய பரிசு பிழையாக முந்தி வந்துவிட்டது. மரம் வந்து சேரும்வரை 'மரம்' என்ற சொல்லையே வீட்டில் எடுப்பதில்லை என்றும் பேசிக்கொண்டோம். பிழை அங்கேதான் நடந்தது.

குசினி வாசலில் நின்று கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். மரத்தை மடித்துப் பெட்டியில் அடைத்துத்தான் விற்கிறார்கள். ஆகவே பெட்டி என்றே கேட்டேன்.

"ஆறடிப் பெட்டி என்ன விலை?"

பதினெட்டாயிரம் என்றார் கடைக்காரர். ஐந்தடி பன்னிரண்டாயிரமாம்.

"அஞ்சடிப் பெட்டி போதும். கொஞ்சம் குறைச்சுத் தாங்கோ."

அடுத்த மாதம் புதுச் சாமான் வரும், அப்போது வாருங்கள் என்றார்.

"இல்லை, இந்தக் கிழமைக்குள்ளை வேணும். பிந்தினாப் பிரயோசனமில்லை."

தொலைபேசியை வைத்தேன். அறைக்குள்ளிருந்து அப்பா கூப்பிட்டார்.

"பிள்ளை, அஞ்சடி காணாது."

"என்னப்பா?"

"நான் அஞ்சே முக்கால். காலை மடக்கியோ வைக்கப் போறியள்? ஆறடியே எடு. உதிலை போய் மலிவு பாக்காதை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வலைக்கு நூல் வாங்கும் விடயம் பேசுவது போலச் சொன்னார். பேசாமல் இருந்தால், உயிரோடு இருக்கும் தகப்பனுக்கு மகள் சவப்பெட்டி விலை பேசினாள் என்று ஆகிவிடும். உண்மையைச் சொன்னால், அதன் பின்னால் மற்ற உண்மையும் வந்துவிடும். கதவடியில் நின்ற அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அது நத்தார் மரம் அப்பா. பெட்டியிலை அடைச்சு வாறது."

அப்பா சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

"நத்தாருக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கு."

"ஓம்."

"அப்ப ஏன் பிந்தினாப் பிரயோசனமில்லை எண்டனீ?"

அம்மா தம்பியின் பரிசுக் கதையைத் தொடங்கினார். அப்பா கையை உயர்த்தினார். "நீர் பேசாமல் இரும். பிள்ளை சொல்லட்டும்."

சொன்னேன். வைத்தியர் சொன்னதில் ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு மாதமா என்னை விசரனாக்கிப் போட்டியள்" என்றார் அப்பா. அந்தச் சொல் இன்றைக்கும் எனக்குச் சுடுகிறது. "இனி எனக்குப் பொய் சொல்லாதை. என்ரை நல்லதுக்கெண்டாலும் சொல்லாதை."

அவருடைய கையைப் பிடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

மரம் வந்தது, ஐந்தடி மரம்தான். கட்டிலின் கால்மாட்டில் வைத்தோம். பன்னிரண்டாயிரம் என்று கேட்டதும், "சித்தப்பன்ரை காணியிலை சும்மா நிக்கிற சாமான்" என்று முணுமுணுத்தார். ஆனால் லைற்றை நிறுத்த விடவில்லை. தம்பி அங்கிருந்து தொலைபேசித் திரையில் மரத்தைப் பார்த்தான். அப்பா அவனைப் பார்த்தார். அந்த நாட்களில் அப்பா பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார், நோயில் பூசுதல் என்ற அருட்சாதனமும் பெற்றார். பதினைந்து வருடமாகக் கதைக்காமல் இருந்த ஒருவருக்கு ஆளனுப்பிக் கதைத்தார். அடக்கத்துக்கு எந்தச் சேட்டு உடுத்த வேண்டும் என்பதுகூட அவர் சொன்னதுதான்.

நத்தாருக்கு ஒன்பது நாள் இருந்தபோது, எங்கள் கோயில் பங்கு இளைஞர்கள் நத்தார்ப் பாட்டோடு வீடு வீடாக வந்தார்கள். பொழுது சாயும் நேரம். இரண்டு நாளாகக் கண் திறக்காத அப்பா கண் திறந்தார். முன்னால் மரம், வாசலில் பாட்டு.

"பிள்ளை, நத்தார் வந்திட்டுதோ?"

அம்மா என்னைப் பார்த்தார். கண்ணால் கெஞ்சினார். வாசலில் பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் தொடங்கிவிட்டது. அப்பா இன்னும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"இல்லையப்பா. இன்னும் ஒன்பது நாள் கிடக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீங்கள் கொண்டாடுங்கோ. மரத்தைக் கழட்ட வேண்டாம்."

மறுநாள் காலை அப்பா எங்களை விட்டுப் போனார்.

செத்த வீட்டில் மரமும் சோடனையும் என்ன கேட்கிறது என்று அன்று சிலர் கேட்டதும், இழவு வீட்டில் நத்தாரா என்று பிறகு சிலர் கேட்டதும் என் காதுக்கு வந்தன. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இதை எழுதிய பிறகு அவ்வளவு இல்லை.

அப்பாவை முகம் சுளிக்காமல் பராமரித்த தாதியருக்கும், கேட்ட நேரமெல்லாம் வீட்டுக்கு வந்த பங்குத்தந்தைக்கும், அடக்க நாளில் மழைக்குள் பந்தல் போட்டு, தேநீர் ஊற்றி, கதிரை சுமந்த அயலவர்களுக்கும், கடலுக்குப் போகாமல் அப்பாவைச் சுமக்க வந்த தொழிலாளர்களுக்கும், இத்தனை வருடம் சவுக்குத் தந்ததோடு தன் தோளையும் கொடுத்த சித்தப்பாவுக்கும், திரையில் பார்த்தபடி மண் போட முடியாமல் நின்ற தம்பிக்கும் எங்கள் நன்றி.

கடைசியாக அம்மாவுக்கு. "ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா என்ன பிள்ளை குறைஞ்சு போயிருக்கும்?" என்று அடக்கம் முடிந்து வந்த அன்று என்னிடம் ஒரேயொரு முறை கேட்டுவிட்டு, இன்றுவரை அதைத் திருப்பிக் கேட்காமல் இருப்பதற்கு.