செங்கல் குவியல், அகற்றப்படும்

வீடு கட்டுகிறவர்களுக்கும் கடை கட்டுகிறவர்களுக்கும் பிளான் வரைந்து, அப்ரூவல் வாங்கிக் கொடுப்பது என் தொழில். தென்காசியில் ஒரு மாடி அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கோபக்காரி என்கிற பெயர். அந்தப் பெயரை நான் சும்மா சம்பாதிக்கவில்லை. சுவரெல்லாம் எழுப்பி முடித்த பிறகு "மேடம், இதுக்கு ஒரு பிளான் போட்ருங்க" என்று வந்து நிற்கிறவர்களிடம் கொஞ்சியா பேச முடியும்?

குத்துக்கல்வலசைப் பக்கம் மெயின் ரோட்டில் இருக்கும் பெரிய கடையும் அப்படி வந்ததுதான். குண்டூசியில் இருந்து தண்ணீர் டேங்க் வரை எல்லாம் விற்கிற மூன்று மாடிக் கடை. உள்ளே இடம் போதாமல் டேங்குகளையும் பைப்புகளையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பின்பக்கத்து நிலத்தில் அடுக்கத் தொடங்கினார்கள். யாரோ மனு போட்டார்கள், நோட்டீஸ் வந்தது. ஊருக்கான திட்ட வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், கடையின் முன்பாதி வணிகப் பகுதியில் இருந்தது, பின்னால் இருந்த ஒன்றேகால் ஏக்கரும் விவசாயப் பகுதியில் இருந்தது. அங்கே நெல் அடுக்கலாம், நாற்காலி அடுக்கக் கூடாது. நில உபயோகத்தை மாற்றி, திறந்தவெளிக் கிடங்கு என்று அனுமதி வாங்கவேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது.

நான் அளக்கப் போனது ஆனி மாதம். சாரல் தொடங்கியிருந்தது. கடையின் வாட்ச்மேன் அண்ணாச்சி டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு மூலையாக அளந்துகொண்டு வந்தேன். வடகிழக்கு மூலையில், ஒரு பூவரசு மரத்துக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்குச் சதுரமாக ஒரு செங்கல் கட்டு. மேலே பூசிய மண்ணும் சுண்ணாம்பும் சாரலில் கரைந்து, பாதிச் செங்கல் வெளியே தெரிந்தது. குனிந்து பார்க்கும்போது, கடையில் கூட்டிப் பெருக்குகிற அக்கா ஒருவர் கடைச் சீருடையான நீலக் கோட்டோடு வேகமாக வந்தார்.

"இதையும் வரைவியளா மேடம்?"

"எதை?"

"இதத்தான். எங்க தங்கச்சி."

அந்த நிலம் அவருடைய அப்பாவுடையது. பூவரசு விளை என்று பெயர். தங்கை பதினொரு வயதில் மஞ்சள்காமாலையில் இறந்தபோது அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். கல்யாணம் ஆகாமல் செத்துப்போகிற பெண்பிள்ளை எங்கள் பக்கத்தில் அந்த வீட்டுக்குக் கன்னி. அவளுக்குப் பீடம் கட்டி, வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பாவாடை, வளையல், கண்ணாடி, பூ எல்லாம் வைத்துக் கும்பிடுவார்கள். இந்தக் குடும்பத்தில் அது ஆடிக் கடைசி வெள்ளி. அப்பா போன பிறகு அண்ணன் நிலத்தை விற்றார். பத்திரத்தில் பீடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாங்கியவர் நல்ல மனுஷர், வந்து கும்பிட்டுப் போக விட்டிருக்கிறார். அவர் கைமாற்றி, அடுத்தவர் கைமாற்றி, கடை வந்து, காம்பவுண்டு வந்து, கேட்டும் பூட்டும் வந்துவிட்டன.

"அதான் வேலைக்குச் சேந்தேன்" என்றார். "வேற எப்படி உள்ள வர?"

அவரே தொடர்ந்து பேசினார். பாவாடையை இந்தக் கடையின் இரண்டாவது மாடியிலேயே எடுக்கிறாராம். பதினொன்று, பன்னிரண்டு வயது என்று சீட்டு ஒட்டிய வரிசையில்.

"எனக்கு அம்பத்திரெண்டு ஆச்சு மேடம். அவளுக்கு இன்னும் அதே அளவுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "வரையுதேன்க்கா" என்றேன். கிழக்குச் சுவரில் இருந்து ஐந்தரை மீட்டர், வடக்குச் சுவரில் இருந்து மூன்று மீட்டர். அவர் பார்க்கப் பார்க்க நோட்டில் எழுதினேன்.

வரையவும் செய்தேன். கம்ப்யூட்டரில் பிளான் போடுகிறபோது சுவர், மரம், கிணறு ஒவ்வொன்றையும் தனித்தனி லேயராக வைப்போம். ஒரே தாளின் மேல் கண்ணாடித்தாள்களை அடுக்குகிற மாதிரி. ஒவ்வொரு லேயரின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன பல்பு இருக்கும். பல்பை அணைத்தால் அந்த லேயரில் உள்ளது மறைந்துவிடும், பிரிண்டிலும் வராது. பீடத்துக்கும் ஒரு லேயர் போட்டு, சதுரம் வரைந்து, 'பீடம்' என்று எழுதினேன்.

கடையின் மேனேஜர் வாசுதேவநல்லூர்க்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிளானைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"மேடம், பீடம்னு போட்டா வழிபாட்டு இடம்னு ஆயிரும். அதுக்குத் தனியா தாசில்தார்ட்ட, போலீஸ்ட்ட தடையில்லாச் சான்று கேப்பாங்க. அடுத்த சீசன் போயிரும். அது இப்ப வெறும் செங்கலாத்தான கெடக்கு?"

சான்று கேட்பார்கள் என்பது உண்மை. செங்கலாகக் கிடக்கிறது என்பதும் பார்வைக்கு உண்மை. அவர் என்னை மிரட்டவில்லை, கெஞ்சவில்லை, ஒரே ஒரு தடவைதான் கேட்டார். என்னைக் கட்டாயப்படுத்தினார்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்தப் பல்பை அணைக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த இடத்தில் இன்னொரு லேயரில் கோடு போட்டு, 'செங்கல் குவியல், அகற்றப்படும்' என்று தட்டினேன். கிறுக்கித் தள்ளிய எத்தனையோ குறிப்புகளில் அதுவும் ஒன்று என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

அந்த ஆடியில் அவர் வழக்கம்போல் பாவாடை வைத்துக் கும்பிட்டார். கார்த்திகை வாக்கில் பேப்பரில் அறிவிப்பு வந்தது. இன்ன சர்வே நம்பரில் விவசாய நிலத்தை வணிக உபயோகத்துக்கு மாற்ற உத்தேசம், ஆட்சேபணை உள்ளவர்கள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம் என்று வழக்கமான அறிவிப்பு. அந்தப் பேப்பரை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு அந்த அக்கா என் மாடி ஏறி வந்தார். கடை நீலக் கோட்டு இல்லாமல் அவரை முதல்முறை பார்க்கிறேன். சேலையில் இன்னும் சின்னவராகத் தெரிந்தார்.

"நம்பர் போட்ருக்காங்க மேடம். எங்களுக்கு அது பூவரசு விளை. நம்பர் என்னன்னு எங்கப்பாவுக்கே தெரியாது. இது அந்த எடம்தானா?"

"ஆமா."

"அப்ப நான் எதுவும் எழுதிக் குடுக்கணுமா?"

அன்று என் மேஜையில் நாலு பிளான் கிடந்தது. வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். அதெல்லாம் சாக்கு. அவர் எழுதிக் கொடுத்திருந்தால் ஃபைல் நின்றிருக்கும், நான் என்ன குறிப்பு எழுதினேன் என்று கேள்வி வந்திருக்கும். எனக்குப் பயம்.

"ஒண்ணும் வேண்டாம்க்கா. பிளான்ல எல்லாம் இருக்கு."

"தங்கச்சியும்?"

"எல்லாம்னா எல்லாந்தான்" என்று எரிந்து விழுந்தேன்.

என் கோபத்துக்கு ஒரு வசதி உண்டு. அதைக் கேட்டவர்கள் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். அவரும் கேட்கவில்லை. "கோவிச்சுக்காதிய மேடம்" என்று சொல்லிவிட்டு, பேப்பரை மறுபடியும் நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

தை மாதம் அதிகாரி நிலத்தைப் பார்க்க வந்தார். அந்த அக்காவுக்கு அன்று முன்பக்கம் வேலை. நான், மேனேஜர், அதிகாரி மூன்று பேரும் சுற்றி வந்தோம். வடகிழக்கு மூலைக்கு வந்தபோது செங்கல்களுக்கு மேலே ஒரு முழப் பிச்சிப்பூ காய்ந்து கிடந்தது. அதிகாரி பிளானைப் பார்த்துக்கொண்டு இரண்டடி பின்னால் வந்தார். நான் இரண்டு எட்டு எடுத்து வைத்து, அந்தப் பூவை மறைத்து நின்றுகொண்டேன். அவர் பிளானில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தபோது அவருக்குத் தெரிந்தது செங்கலும் என் சேலையும்தான். ஒரு டிக் போட்டார். என் வாழ்க்கையில் நான் செய்ததில் எதை மறந்தாலும், அந்த இரண்டு எட்டை மறக்க மாட்டேன். குறிப்பு எழுதியதைக்கூட அவசரத்தில் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியும். இதை என்ன சொல்ல?

ஆட்சேபணை ஒன்றும் வரவில்லை என்று பதிவாகி, சித்திரைக்குள் அனுமதி வந்துவிட்டது. மேனேஜர் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து அனுப்பினார். வாங்கி வைத்தேன், தின்ன முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. எங்கள் தொழிலில் புது வேலைக்குப் புது ஃபைல் திறப்பது குறைவு. பழைய பிளான் ஒன்றை நகலெடுத்து, நகலின் உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, அதன் மேலேயே அடுத்ததை வரைவோம். கோடுகள் போய்விடும், லேயர்களின் பெயர்கள் மட்டும் போகாது. கடை ஃபைலை வைத்து நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு வரைந்தேன். அதை வைத்துப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடைக்கு. அதை வைத்து ஒரு டீச்சரம்மாவின் வீட்டுக்கு. ஒருநாள் அந்த வீட்டின் படுக்கையறையை வரைந்துகொண்டு லேயர் பட்டியலைக் கீழே தள்ளுகிறேன். சுவர், கதவு, ஜன்னல், மாடிப்படி, பீடம். பக்கத்தில் அணைந்த பல்பு. அழித்திருக்கலாம், ஒரு பட்டன்தான். விரல் போகவில்லை. அழித்தால் இரண்டாவது தடவையாகச் செய்கிற மாதிரி இருந்தது. அன்றில் இருந்து நான் வரைகிற எல்லா வீட்டிலும் அவள் இருக்கிறாள். அந்த வீடுகளில் குடியிருப்பவர்களுக்குத் தெரியாது. பதினொரு வயதுப் பிள்ளை, எந்த அறையிலும் விளக்கு இல்லாமல். எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பட்டியலை மேலே இருந்து கீழே தள்ளும்போது அந்தப் பெயர் வருவதற்குள் கண்ணை எடுத்துக்கொள்கிறேன்.

வைகாசியில் கடைக்காரர்கள் பின்பக்கம் முழுவதும் மட்டம் அடித்துக் கான்கிரீட் போட்டார்கள். அந்த அக்காவின் வார விடுமுறை அன்று பொக்லைன் வந்திருக்கிறது. வேண்டுமென்று செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து அவர் என் மாடிக்கு வந்தார். படியில் சத்தம் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன சொல்வது என்று பத்து நாளாக யோசித்து வைத்திருந்தேன். ஆபீஸில் மாற்றிவிட்டார்கள், மேனேஜர் செய்த வேலை, எனக்குத் தெரியாது என்று மூன்று பொய். அவர் என்னைப் பிடித்துத் திட்டவேண்டும் என்றும் ஆசையாக இருந்தது.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"எடுத்துட்டாங்க மேடம். கல்லுதான, போட்டும். அவ எங்கன போயிருவா? மண்ணுக்குள்ளதான் கெடப்பா. ஆனா எந்த எடம்னு எனக்குத் தெரியமாட்டேங்குது. போயி நின்னா எல்லா எடமும் ஒண்ணு போல இருக்கு. கூட்டும்போது அவ மேல மிதிக்கனா என்னன்னு தெரியல. மூலையில மரம் இருந்துது, அதும் இல்ல." என் மேஜை மேல் கிடந்த டேப்பைப் பார்த்தார். "நீங்க அளந்தியல்லா?"

பிளானில் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. இருக்கிறது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆடிக் கடைசி வெள்ளி காலையில், கடை திறக்கும் முன் போனேன். முந்தின நாள் கடையின் ஃபைலைத் திறந்து அந்தப் பல்பைப் போட்டு, அளவை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தேன். டேப்பைச் சுவரில் வைத்தபோதுதான் தெரிந்தது. கிழக்குச் சுவர் நான் அளந்த சுவர் இல்லை. வடிகாலுக்காகப் பழைய சுவரை இடித்து உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். வடக்குச் சுவரும் புதிது. எவ்வளவு தள்ளினார்கள் என்று வாட்ச்மேன் அண்ணாச்சியைக் கேட்டால், "கொஞ்சம்போல இருக்கும்மா" என்றார். பிளானில் காட்டிய இடத்தில் கட்டவில்லை, கொத்தனார் கட்டிய இடம்தான் சுவர். ஐந்தரை மீட்டர் எதில் இருந்து? ஒருபக்கம் கறுப்பு டேங்குகள் மூன்று வரிசை, மறுபக்கம் வேன் திரும்புகிற வழி. அவள் டேங்குக்கு அடியில் இருக்கலாம், டயர் ஏறுகிற இடத்தில் இருக்கலாம், சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடையில்கூட இருக்கலாம்.

அந்த அக்கா துணிப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். தெரியவில்லை அக்கா, நான்தான் தொலைத்தேன் என்று சொல்லியிருக்கவேண்டும். டேங்குக்கும் வழிக்கும் நடுவே யாரும் மிதிக்காத ஒரு இடம் பார்த்து, குனிந்து, சாக்பீஸால் சதுரம் போட்டேன்.

"இங்கனதான்."

யாரும் இரண்டாவது கேள்வி கேட்காத அதே குரலில் சொன்னேன்.

அவர் உட்கார்ந்து, சதுரத்துக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"ஆமா. இங்கனதான் இருக்கா."

பாவாடையை விரித்தார். அதில் ஒட்டியிருந்த வயதுச் சீட்டைப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டார். வளையலையும் கண்ணாடியையும் பூவையும் அதன்மேல் வைத்தார். கும்பிட்டு எழுந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீங்க மட்டும் அளக்கலன்னா அவளத் தொலைச்சிருப்பேன் மேடம். நல்லா இருப்பிய."

"பரவாயில்லக்கா" என்றேன்.