ரெகுலேட்டர் திருகும் ஹெட்லைட் வெளிச்சமும்

அன்று களிமண் லோடு அடிக்கும் எங்கள் பழைய டிராக்டரைச் சுற்றி அப்பா, அண்ணன், சித்தப்பா, நான் ஆகிய நால்வரும் நின்றோம். மெக்கானிக் மட்டும் இல்லை. கல்யாணத்துக்காக ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தார். பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. பீங்கான் ஆலைக்கு லோடு போகாவிட்டால் வேறு வண்டியைப் பிடித்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் டிராக்டரோடு வந்த ஆங்கிலப் புத்தகம் என் கைக்கு வந்தது. பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் திருகை, வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும் என்று அதில் இருந்தது.

"மீட்டர் இல்லாம தொடக்கூடாதுப்பா" என்றேன்.

"பி.யூ.சி. படிக்க வச்சி இன்னா புண்ணியம்? ஒரு இஸ்குரு திருவத் தெரியலியே அண்ணே!" என்று சித்தப்பா சிரித்தார்.

அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. "லைட்டு பளிச்சுனு எரியற வரைக்கும் திருவுடா. மீட்டரு எதுக்கு?"

திருகினேன். ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. "எந்தம்பின்னா சும்மாவா!" என்று அண்ணன் என் முதுகில் தட்டினார்.

சார்ஜ் அளவு மீறி ஏறியதில், இரண்டு நாள் லோடு ஓடியதும் பேட்டரி கொதித்தது. வாயில் பீடியோடு அண்ணன் குனிந்து மூடியைத் திறந்தார். உள்ளே சேர்ந்திருந்த வாயு தீப்பிடித்து வெடித்து, ஆசிட் அவர் முகத்தில் அடித்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் இடது கண் போய்விட்டது.

"படிச்சவன் பண்ண வேலையப் பாரு" என்று ஊரில் முதலில் சொன்னவரும் சித்தப்பாதான்.

இப்போது மீட்டர் இல்லாமல் ரெகுலேட்டரைத் தொடுவதில்லை. யார் சிரித்தாலும் 'என்னால் முடியாது' என்று சொல்லிவிடுகிறேன். அண்ணன் டிராக்டர் ஓட்டுவதை விட்டுவிட்டார். பேட்டரிக்கும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குமாக, நிலம் விற்றுச் செலவழித்தது ஆயிரத்து நூறு ரூபாய்.