கறை படாத சட்டை

லாரி எடைமேடையில் காலமெல்லாம் வேலை பார்த்த அந்த மனிதருக்கு வீட்டு முன்னறை முழுக்க வாள்சண்டைச் சாமான்தான். துருப்பிடித்த வாள்கள், கம்பிவலை முகமூடிகள், யாரோ எப்போதோ ஜெயித்த பதக்கங்கள். உட்கார இடமில்லையென்று மனைவி முணுமுணுப்பாள். அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். இந்தச் சாமான்களைச் சேர்ப்பது, மச்சானைத் திட்டுவது, இரண்டும் ஒருநாளும் தவறியதில்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். குத்து பட்டால் விளக்கெரியும் மின்கருவி வராத காலம் அது. வாள்நுனியில் சிவப்பு மை நனைத்த பஞ்சைக் கட்டுவார்கள். எதிராளியின் வெள்ளைச் சட்டையில் கறை விழுந்தால்தான் புள்ளி. இறுதிப் போட்டியில் மச்சானின் நெஞ்சில் இவர் குத்தினார். கைவரை அதிர்ந்தது, கறையைத்தான் காணோம். நடுவர் உதட்டைப் பிதுக்கினார், கோப்பை மச்சானுக்குப் போனது. திருட்டுப்பயல் என்று அன்று ஆரம்பித்தவர், அவன் தங்கையைக் கட்டிய பிறகும் நிறுத்தவில்லை.

வாள்சண்டைச் சங்கத்தை மூடியபோது, அந்த இறுதிப் போட்டியில் மச்சான் போட்டிருந்து, கண்ணாடிப் பெட்டியில் மாட்டியிருந்த சட்டையை ஏலத்தில் பிடித்துவிட்டார். நினைவுக்காக வைக்கும் இந்தமாதிரி உடுப்பை யாரும் துவைக்கமாட்டார்கள். பழைய வியர்வைக்கே தனி மதிப்பு. துவைக்காத அந்தத் துணியில் ஒரு சொட்டு மை விட்டுப் பார்த்தார். மை ஒட்டாமல் உருண்டோடியது. மெழுகு! உடனே போன் போட்டு மச்சானை வரவழைத்தார்.

"நல்லாப் பாரு. இப்பவாவது மன்னிப்புக் கேளு."

மச்சான் துணியைத் தடவினார். முகம் வெளிறிப்போனது. "சத்தியமா எனக்குத் தெரியாது மாப்பிள்ளை."

"யார் காதுல பூ சுத்துற?"

"அவனை ஏன் கேக்கறீங்க," என்றாள் வாசற்படியில் நின்ற மனைவி. "மெழுகு தேய்ச்சு இஸ்திரி போட்டது நான். ஜெயிச்சிருந்தா நீங்க அணியோட வெளிநாடு போயிருப்பீங்க. உங்களுக்கு நிச்சயம் ஆனவ நான், வழியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"இத்தனை வருஷமா வாயைத் திறக்கலையேடி."

"திறந்தா என்னைத் திட்டுவீங்க. அண்ணன்னா தூரத்துல இருக்கான், திட்டினாலும் அவன் காதுல விழாது."

மச்சான் எழுந்தார். "என் வாழ்க்கையில நான் ஜெயிச்சது அது ஒண்ணுதான்," என்று தங்கையிடம் சொன்னார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது மன்னிப்புக் கேட்கவேண்டியவர் தாம்தான் என்பது எடைமேடைக்காரருக்குப் புரியாமலில்லை. மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.