கழுவிக் கொடுத்த டப்பாக்கள்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அவள் உப்பளத்தில் நின்றுகொண்டிருந்தாள். கடல் உள்ளே வந்து பாத்திகளையெல்லாம் சேறாக்கிவிட்டுப் போன மார்கழிக்கு அடுத்து வந்த சித்திரை அது. அண்ணன் குத்தகைக்கு எடுத்திருந்த அளத்தை மறுபடி மிதித்துக் கெட்டிப்படுத்தி, அப்போதுதான் உப்பு வாரத் தொடங்கியிருந்தார்கள். கரையில் உப்பைக் குவித்துக்கொண்டிருந்த அம்மா அந்தக் குவியலிலேயே சாய்ந்துவிட்டாள். களைப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் கவனிக்கவில்லை.

புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபோது அவளுடைய வலக்கையும் வலக்காலும் போயிருந்தன. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. "ஆமா." தண்ணீர் வேண்டுமா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. உப்பளத்தில் ஆண்களையே திட்டி வேலை வாங்கிய வாய் அது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் எங்கள் மூன்று பேரையும், அதாவது அண்ணனையும் அண்ணியையும் என்னையும், நிற்க வைத்துச் சொன்னார். "விழுங்குற தசையும் பாதிச்சிருக்கும்மா. ரசம், மோர் மாதிரி தண்ணியா எதுவும் குடுக்காதீங்க. புரையேறி நேரா நுரையீரலுக்குப் போயிடும். கட்டியாவும் வேணாம். கூழ் மாதிரி கெட்டியா மசிச்சு, உட்கார வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடுக்கணும்." அண்ணி அம்மாவின் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காதில் அது விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணன் தலையாட்டினார்.

அம்மாவை நான் வைத்துக்கொள்ள வழியில்லை. பெரிய முதலியார்சாவடியில் ஒற்றை அறை வீடு எங்களுக்கு. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினார். நான் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியின் சமையலறையில் வேலை செய்தேன். அம்மா மரக்காணத்துக்கு, அண்ணன் வீட்டுக்கே போனாள்.

சமைத்ததைப் பிரித்து உறைய வைக்கும் வித்தையை நான் அந்த விடுதியில்தான் கற்றேன். ஆட்கள் எந்த நேரத்தில் வந்து பசி என்பார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் விடுதியை நடத்தும் மேடம் சூப்பையும் குழம்பையும் மொத்தமாகச் செய்து, ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு என்று சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து டீப் ஃப்ரீசரில் வைப்பார். சூடு முழுக்க ஆறிய பிறகுதான் மூட வேண்டும். மேலே ஒரு விரல் இடம் விட வேண்டும், உறையும்போது உப்பிவரும் என்பதால். ஒருமுறை உருகியதைத் திரும்பவும் உறைய வைக்கக் கூடாது. அம்மாவுக்கும் இப்படிச் செய்யலாமே என்று எனக்குத் தோன்றியது. அடுப்படியில் ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் அண்ணிக்கு இன்னொரு தனிச் சமையல் மிச்சமாகும் என்றும் நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

மேடத்திடம் கேட்டேன். ஃப்ரீசரில் ஒரு டிராயரை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். அந்தச் சமயம் விடுதிக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தது. பழையதை எடுத்துக்கொள் என்றார். என் வீட்டுக்காரர் தெரிந்தவரின் மினி லாரியைப் பிடித்து அதை மரக்காணம் கொண்டுபோய் இறக்கினார்.

அண்ணனுக்குச் சந்தோஷம். அளத்திலிருந்து வந்ததும் ஐஸ் தண்ணீர் குடிக்கலாம். அண்ணி சமையலறையில் அதற்கு இடம் பண்ண அரிசி டிரம்மை வெளியே நகர்த்தினாள். கதவில் மஞ்சள் குங்குமம் வைத்தாள். "எங்களுக்கே ஒண்ணு வாங்கணும்னுதான் இருந்தோம்" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல்லில் இருந்ததை நான் அப்போது கேட்டிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. திங்களன்று வேலை முடிந்ததும் விடுதி அடுப்பிலேயே சமைப்பேன். கொடுவா மீனை வேக வைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுப்பேன். ஒரு முள் தப்பினாலும் அம்மாவால் சொல்ல முடியாது. அவளுக்கு நண்டு என்றால் உயிர். கால்களை உடைத்துச் சதையை மட்டும் நோண்டி எடுத்து, பருப்போடும் குழைந்த சாதத்தோடும் சேர்த்து மிக்ஸியில் அரைப்பேன். பூசணிக்காய், முருங்கைக்கீரை, எல்லாவற்றையும் அரைத்து வடிகட்டுவேன். காரம் கிடையாது. உப்பும் டாக்டர் சொன்ன அளவுதான். டப்பாவின் மேல் டேப் ஒட்டி மீன், நண்டு, கீரை என்று எழுதுவேன். செவ்வாய் காலையில் அவை கல் மாதிரி இருக்கும். மீன்காரர்களின் தெர்மாகோல் பெட்டி ஒன்றில் அடுக்கி, நியூஸ்பேப்பரைத் திணித்து மூடி, ஈ.சி.ஆரில் பஸ் ஏறுவேன். மீன் வியாபாரம் செய்கிறேன் என்று நினைத்து ஒரு கண்டக்டர் என்னைப் பின்சீட்டுக்குத் துரத்திக்கொண்டே இருந்தார். கூனிமேடு தாண்டும்போது பெட்டியின் அடியைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரம் கசிந்திருந்தால் மனசு அடித்துக்கொள்ளும்.

அண்ணிக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். ஒரு வேளைக்கு ஒரு டப்பா. முதல் நாளே எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும். நன்றாகக் கொதிக்க விட்டு, ஆறவைத்து ஊட்ட வேண்டும். "சரி" என்றாள். அடுத்த செவ்வாய் போனபோது காலி டப்பாக்கள் கழுவி, வெயிலில் காய்ந்து, பையில் அடுக்கியிருந்தன. நான் கழுவுவதைவிடச் சுத்தமாக இருந்தன. எழுதி ஒட்டிய டேப்பைக்கூடப் பசை தெரியாமல் உரித்திருந்தாள்.

ஒவ்வொரு வாரமும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். நண்டு நல்லா இருந்துச்சாம்மா? ஆமா. கீரை பிடிச்சுதா? ஆமா. சில நாள் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். பக்கவாதம் வந்தவர்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். துடைத்துவிடுவேன்.

ஆடி போய் ஆவணி வந்தபோது அம்மாவின் ரவிக்கை தோளிலிருந்து நழுவத் தொடங்கியது. இருமல் விடவே இல்லை. நோய் உள்ளே தின்கிறது என்று நினைத்து நான் ஒவ்வொரு டப்பாவிலும் நெய்யைக் கூட்டினேன்.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. விடுதியில் தங்க ஒரு ஆள்கூட வரவில்லை. மேடம் வீட்டுக்குப் போகச் சொன்னார். மழை சற்று விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் மரக்காணம் போனேன். வாசல் கதவு திறந்திருந்தது. அம்மா படுக்கையில் பாதி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கிண்ணம். ரசம் சோறு. ரசம் மேலே மிதந்தது. அவள் இடக்கையால் அதை வாய்க்குக் கொண்டுபோக முயன்று, நெஞ்செல்லாம் வழிந்து, இருமிக்கொண்டிருந்தாள்.

பின்கட்டில் தண்ணீர் சத்தம் கேட்டது. போனேன். அண்ணி தென்னை மரத்தடியில் குந்தியிருந்தாள். பக்கத்தில் என் டப்பாக்கள். ஒன்றை வெந்நீரில் முக்கி, கவிழ்த்து, தட்டினாள். உறைந்த கட்டி அப்படியே பச்சையாகக் குழியில் விழுந்தது. கீரை. குழியில் ஏற்கெனவே இரண்டு மூன்று கிடந்தன. கோழிகள் ஒன்றைக் கொத்திவிட்டு, ஜில்லிப்பு பிடிக்காமல் விலகி நின்றன.

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த டப்பாவைக் கழுவி முடித்துத்தான் பக்கத்தில் வைத்தாள்.

"எத்தனை நாளா அண்ணி?" என்றேன்.

"மொத ரெண்டு வாரம் குடுத்தேன். இருமல் வந்துச்சு. ஐஸ்ல வெச்சத குடுத்தா சளி கட்டாம என்ன பண்ணும்? நிறுத்திட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஏன் கழுவிக் கழுவிக் குடுத்தீங்க?"

"ஆசையா செஞ்சு எடுத்தாற. உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்."

அதை அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. இருமல் ஐஸால் வரவில்லை, நீங்கள் கொடுக்கும் ரசத்தால் வருகிறது, டாக்டர் உங்கள் முன்னால்தானே சொன்னார் என்று கத்தினேன். அவள் முகம் மாறியது. எழுந்து புடவையை உதறினாள்.

"டாக்டர் சொன்னாரு. நீ சொன்ன. தெருவுல என்ன சொல்றாங்கன்னு கேட்டியா? மருமவ சோறு போடல, மவ பஸ்ல சோறு எடுத்தாந்து போடுறான்னு பேசுறாங்க. நீ வாரத்துல ஒரு நாள் டப்பாவோட வந்து பேரு வாங்கிட்டுப் போற. பீத்துணி அலசறது யாரு? புரட்டிப் போட்டு முதுகு தொடைக்கிறது யாரு? அதுக்கு ஒரு டப்பா எடுத்தாறியா?"

அம்மாவின் முதுகில் ஒரு புண் கிடையாது. படுத்த படுக்கையாகக் கிடந்த உடம்பு அப்படி இருக்க என்ன பாடுபட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைச் செய்த அதே கைதான் கிண்ணத்தில் ரசத்தை ஊற்றி அவள் மடியில் வைத்துவிட்டுப் போனது.

அண்ணன் சாயங்காலம் வந்தார். மழையில் அளம் குளமாகிக் கிடந்த எரிச்சலில் இருந்தார். நான் சொன்னதையெல்லாம் தலை துவட்டிக்கொண்டே கேட்டார். அவர் ஆச்சரியப்படவில்லை. அப்போதுதான் அவருக்கும் தெரியும் என்று புரிந்தது. தென்னைமரக் குழியைத் தினமும் தாண்டித்தானே குளிக்கப் போகிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, பெண்கள் இருவருக்கு நடுவில் தன்னை இழுக்க வேண்டாம் என்றார். ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

அம்மாவை நான் கூட்டிப்போகிறேன் என்றேன். ஒற்றை அறையில் நாங்கள் வாசல் பக்கம் படுத்துக்கொள்வோம், என் வீட்டுக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். பேசினால் ஒத்துக்கொண்டிருப்பார்.

அண்ணன் பாட்டிலைக் கீழே வைத்தார். "மகன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப எங்கம்மா மருமகன் வீட்டுல போய் சாவணுமா? ஊர்ல நான் தலை காட்ட வேணாமா?"

அம்மா சாவதைப் பற்றி யாரும் அதுவரை பேசியிருக்கவில்லை. உள்ளேயிருந்து அவள் அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். நான் போய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு வாயைத் துடைத்துவிட்டேன். என்கூட வர்றியாம்மா என்று கேட்டேன். ஆமா என்றாள். இங்கேயே இருக்கியா என்று அண்ணன் வாசற்படியில் நின்று கேட்டார். ஆமா என்றாள். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு மேடத்திடம் கெஞ்சி வாரத்தில் இன்னொரு நாளும் விடுப்பு வாங்கினேன். போகிற நாட்களில் நானே சூடாக்கி நானே ஊட்டினேன். முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி, முகவாயைத் தாழ்த்திப் பிடித்து, அரை ஸ்பூன் அரை ஸ்பூனாகக் கொடுத்தால் இருமாமல் விழுங்கினாள். மற்ற நாட்களுக்கென்று நான் வைத்துவிட்டு வந்ததை அண்ணி தொடவில்லை. இப்போது கழுவிக் கொடுப்பதும் இல்லை. அடுத்த முறை போனால் வைத்தது வைத்தபடி ஃப்ரீசரில் இருக்கும். பனி படர்ந்து, கறி, மீன் பாக்கெட்டுகளோடு ஒட்டிக் கிடக்கும்.

தை பிறந்து கொஞ்ச நாளில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். இது வேறொரு டாக்டர், சின்ன வயசுக்காரர். என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "வீட்டுச் சாப்பாடுதாங்க டாக்டர்" என்றார். அந்தக் குரலில் பெருமை இருந்தது. நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அங்கே வைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். கட்டிலில் அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். அம்மா மறுநாள் விடிகாலையில் போய்விட்டாள்.

கருமாதிக்கு அண்ணி நண்டுக் குழம்பு வைத்தாள். பக்கத்துக் கழுவெளி ஏரியில் பிடித்த நண்டு, பெரிய பெரியதாக, காரம் தூக்கலாக. அம்மாவுக்கு அப்படித்தான் பிடிக்கும். இலை போட்டுப் படைத்துவிட்டு அண்ணி வாய்விட்டு அழுதாள். அது பொய் அழுகை இல்லை. வந்திருந்தவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, இந்தக் காலத்தில் எந்த மருமகள் இப்படிப் பார்ப்பாள் என்று சொன்னார்கள். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

மாசியில் ஒருநாள் மேடம் தயங்கித் தயங்கி, அந்த டிராயரைக் காலி செய்ய முடியுமா என்று கேட்டார். கடைசிச் செவ்வாய்க்காகச் செய்த டப்பாக்கள் அதில் அப்படியே இருந்தன. எறிய மனசு வரவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் நண்டு டப்பா ஒன்றைக் கொதிக்க வைத்து, தட்டில் ஊற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். சமைக்கும்போது பதம் பார்க்க நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேனே தவிர, ஒரு வேளைச் சோறாக அதை நான் சாப்பிட்டதே இல்லை. காரமில்லை, புளியில்லை, கடிக்க ஒன்றுமில்லை. நண்டின் வாசனை எங்கோ அடியில் லேசாக இருந்தது. பாதிக்கு மேல் இறங்கவில்லை. அம்மா இதை விரும்பித்தான் சாப்பிட்டிருப்பாளா என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன். அவளிடம் கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் தட்டை வாங்கி மிச்சத்தைத் தின்று முடித்தார். நல்லா இருக்குது என்றார்.

அண்ணனோடு பேச்சு நிற்கவில்லை. நல்லது கெட்டதுக்குப் போகிறேன், வருகிறேன். அண்ணி காபி போட்டால், வேண்டாம் அண்ணி, இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்பேன். அவளும் வற்புறுத்துவதில்லை. வெயிலில் பஸ் இறங்கி நடந்து வந்ததைப் பார்த்து அண்ணன் மட்டும் ஒவ்வொரு முறையும் ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். எனக்குப் பானைத் தண்ணீர் போதும் என்று நானே போய் மொண்டு குடித்துக்கொள்வேன்.