தலைவர் மேடையில் சொன்ன வார்த்தை

எனக்கு வயது அறுபத்தெட்டு. வளர்த்தது ஆறு பேர். பெற்றது நான்கு, செத்துப்போன தங்கச்சி விட்டுப்போனது இரண்டு. ஆறில் ஒன்றும் யாரிடமும் கை நீட்டி நின்றதில்லை. எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் தெரியும். அதற்கு மேல் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்ந்தவள் நான். தோட்டத்தின் பேரைச் சொல்ல மாட்டேன். யூனியன் பேரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் யார் அதைத் தூக்கிக்கொண்டு எந்த மேடைக்கு ஓடுவார்கள் என்று தெரியாது. மாதர் சங்க வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

1. தலைவியின் வேலை

ஓய்வு எடுத்த பிறகும் எங்கள் தோட்டத்து மாதர் சங்கத்துக்கு நான்தான் தலைவியாக இருந்தேன். மலையில் நிறுவைத் தராசில் கை வைத்தால் சண்டை போடுவது, பிரசவத்துக்கு லொறி கேட்பது, கூட்டத்துக்குப் பெண்களைத் திரட்டுவது எல்லாம் என் வேலை. யூனியன் தலைவர், கட்சித் தலைவரும் அவர்தான், வந்தால் ஆரத்தி எடுப்பதும் நான்தான். அவர் ஜீப்பை விட்டு இறங்கியதும் நான் தட்டைச் சுற்றிப் பொட்டு வைப்பேன். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் மாலை போடலாம். அதில் எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

2. ஆபிசில் வைத்த பேர்

எங்கள் லயத்தில், அதான் தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு பிள்ளை. சாந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அவள் பேர் இல்லை. இருபத்தாறு வயது. அம்மா இல்லை. என்னைப் பெரியம்மா என்பாள். அவள் வேலை செய்த மலையைப் பார்த்துக்கொண்டவன் எங்கள் யூனியனின் தோட்டக் கமிட்டித் தலைவரின் தம்பி. ஒரு நாள் மற்ற பெண்கள் நிறுவைக்கு இறங்கும்போது, செடி நிரையில் கொழுந்து விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி அவளை மட்டும் திருப்பி அனுப்பினான். பின்னாலேயே போய்க் கெடுத்துவிட்டான்.

பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நான்தான் அவளைக் கூட்டிப்போனேன். கேஸ் போட்டார்கள். அவனைப் பிடித்தார்கள், பிறகு பிணையில் விட்டார்கள்.

அதற்குப் பிறகு தலைவர் எங்களை யூனியன் ஆபிசுக்கு வரச்சொன்னார். கதவைச் சாத்திவிட்டு, நடந்த அசம்பாவிதத்தைப் பற்றிப் பேசலாம் என்றார். அசம்பாவிதம் இல்லைங்க ஐயா, அவன் கெடுத்துட்டான் என்றேன். தலைவர் கையைத் தூக்கினார்.

"அந்த வார்த்தையெல்லாம் இங்க பேச வேணாம்மா. தோட்டத்துக்கே அவமானம். இந்தப் புள்ளைக்கும் ஒரு வாழ்க்கை இருக்குல்ல?"

கேஸை வாபஸ் வாங்கச் சொல்லவில்லை, யோசிக்கத்தான் சொல்கிறேன் என்றும் சொன்னார். சாந்தி தரையைப் பார்த்தபடியே, யோசிச்சுட்டேங்க, கேஸ் நடக்கட்டும் என்றாள். தலைவர் என்னைத்தான் முறைத்தார், நான் சொல்லிக்கொடுத்தேன் என்று. நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை.

3. மேடை

சம்பள உயர்வுக் கூட்டம் ஹட்டனில் நடந்தது. சாந்தி அதுவரை வெளியே போகாமல் கிடந்தாள். நாலு பேரைப் பார்த்தால் நல்லது என்று நான்தான் வலியக் கூட்டிப்போய் என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

தலைவர் கடைசியாகப் பேசினார். முதலில் மெதுவாகத்தான் பேசினார். பிறகு குரலை ஏற்றினார்.

"கம்பெனிக்காரன் நம்ம சம்பளத்த மட்டுமா பறிச்சான்? நம்ம மலையக மண்ணையே கற்பழிச்சிட்டான். தெனமும் கற்பழிக்கிறான். பாத்துக்கிட்டே இருக்கப் போறீங்களா?"

ஒரே கைதட்டு, விசில், தப்பு மேளம். எங்கள் பெண்களும் தட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குரல் ஏறினால் தட்ட வேண்டும் என்பது கூட்டத்துப் பழக்கம், வார்த்தையை யாரும் கேட்பதில்லை. சாந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் பின் சீட்டில் பொடியன்கள். நோர்வூட் தாண்டி ஒரு குழியில் பஸ் விழுந்து எழும்பியது. அவர்களில் ஒருவன் கத்தினான்: "டிரைவர் அண்ணே, எங்க முதுகெலும்பக் கற்பழிச்சிராதீங்க!" பஸ் முழுக்கச் சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள்.

சாந்தி என் காதில் சொன்னாள்.

"பெரியம்மா, கோர்ட்டுல நான் அதச் சொன்னாலும் இப்பிடித்தான் சிரிப்பாங்க. நான் வரல. கேஸ் வேணாம்."

அவள் சாட்சி சொல்ல வேண்டிய கோர்ட்டுத் தவணைக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அவள் போகாவிட்டால் கேஸ் நிலைக்காது. அவன் மறுபடி அதே மலைக்கு வருவான், அவளும் அதே மலைக்குத்தான் போக வேண்டும்.

4. தலைவர் சொன்ன சமாதானம்

அந்தக் கிழமையே தனியாக ஆபிசுக்குப் போனேன். தலைவர் தேத்தண்ணி வரவழைத்தார். ஏன் அப்படிப் பேசினீங்க என்று கேட்டேன். அவருக்கு முதலில் எதைச் சொல்கிறேன் என்றே விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார்.

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா. சுரண்டுறான் சுரண்டுறான்னு எத்தன வருசமாச் சொல்றோம்? எவன் திரும்பிப் பாத்தான்? சனத்துக்குக் கோவம் வரணும்ல?"

அதில் பாதி உண்மை இருக்கிறது. எங்களுக்கு நடந்ததைச் சாதாரண வார்த்தையில் சொன்னால் கொழும்பில் ஒருவர் காதிலும் விழுவதில்லை. நானும் கொஞ்சம் யோசித்துத்தான் பேசினேன்.

"கோவம் வந்துச்சுங்க ஐயா. கம்பெனி மேல வந்துச்சு. புள்ளையக் கெடுத்தவன் மேல வரலையே. அவன் அன்னைக்குக் கூட்டத்துல நின்னு கை தட்டுனான், நான் பாத்தேன். இந்த ரூமுல ஆகாத வார்த்தை மேடையில மட்டும் எப்பிடிங்க ஆகும்?"

அரசியல் வேறு, கேஸ் வேறு என்றார். பிறகு, சரிம்மா, இனிமே சொல்லல, போதுமா என்றார். அதே மூச்சில், திருவிழாவுக்கு வரும்போது நம்ம தோட்டத்தில் கூட்டம் நல்லா இருக்குமா என்று கேட்டார். எனக்கு அப்போதே சந்தேகம். கனமான ஒன்றை இவ்வளவு லேசாக யாராலும் இறக்கிவைக்க முடியாது.

பத்து நாள் போகவில்லை. கொத்மலைப் பக்கம் ஒரு கூட்டத்தில் அவர் பேசியது பேத்தியின் போனில் வந்தது. இந்தத் தடவை, எதிர்க்கட்சி எங்கள் வாக்குகளைக் கற்பழித்துவிட்டதாம்.

திருவிழாவுக்கு ஜீப் வந்தது. நான் தட்டை எடுக்கவில்லை. மற்ற பெண்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களாகவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தலைவர் கொஞ்ச நேரம் ஜீப் பக்கத்திலேயே நின்றுவிட்டு, வெறும் நெற்றியோடு கோயிலுக்குள் போனார். அடுத்த கிழமை மாதர் சங்கத்துக்கு வேறு தலைவி போட்டார்கள். போகட்டும். அந்தப் பதவி எனக்குச் சோறு போடவில்லை.

5. வீடு தேடி வந்தவர்

ஆரத்தி எடுக்காத செய்தி பரவியதும் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் லயத்துக்கே வந்துவிட்டார். கூடவே ஒருவன் கமராவோடு. தலைவர் பெண்களை அவமதித்துவிட்டார், எங்களுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை, பாதிக்கப்பட்ட பிள்ளை எங்கள் மேடையில் வந்து இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார். கேஸ் போட்டு இத்தனை மாதமாக உங்களை இந்தப் பக்கம் காணோமே என்று கேட்டேன்.

"அம்மா, அந்தக் கட்சி நம்ம சனத்தோட எதிர்காலத்தையே கற்பழிச்ச கட்சிம்மா" என்றார்.

உள்ளே இருந்த சாந்திக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. வெளியே வந்தாள். கமராக்காரன் கமராவைத் தூக்கினான். அதை வைங்க என்றாள், வைத்துவிட்டான்.

"எனக்கு நடந்தத ஆளாளுக்கு எடுத்துக்கிட்டுப் போய் எதெதுக்கோ ஒட்டுறீங்க. அது என்னோடது. நான் கோர்ட்டுல போய் நானே சொல்லிக்கிறேன். நீங்க போங்க."

அவர் போன பிறகு அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தவணை என்னைக்கு பெரியம்மா என்று கேட்டாள்.

6. தவணை

அவளோடு வேலை செய்த பெண்கள் ஐந்து பேர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார்கள். பஸ்ஸில் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். கொடி இல்லை, கட்சித் தொப்பி இல்லை. எங்களை உள்ளே விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். போகிற வருகிற கறுப்புக் கோட்டு வக்கீல்களையெல்லாம் நான் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

சாந்தி வெளியே வர நெடுநேரம் ஆனது. ஒன்று விடாமல் சொன்னாளாம். தமிழில் அவள் சொல்ல, ஒருவர் சிங்களத்தில் திருப்பிச் சொன்னாராம். குழாயில் முகம் கழுவிவிட்டு என்னிடம் வந்தாள்.

"யாரும் சிரிக்கல பெரியம்மா" என்றாள்.

கேஸ் இன்னும் முடியவில்லை. முடிவு எப்படி வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

நான் கற்றது இதுதான். கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மேடையில் ஒருவர் அந்த வார்த்தையை எடுத்தால் கையை மடியில் வையுங்கள். நிசமாகவே ஒரு பிள்ளைக்கு நடந்தபோது அவர் என்ன சொன்னார், எங்கே இருந்தார் என்று விசாரியுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் விசாரியுங்கள்.

இவ்வளவுதான். பேத்தி நான் சொன்னதை விட நிறைய நேரம் எழுதிக்கொண்டிருந்தாள். படித்த பிள்ளை, எனக்கு அழகாக இருக்கட்டும் என்று எதையாவது மாற்றியிருப்பாள். எடு தாயி, முதல் வரியிலிருந்து வாசி. அவசரம் இல்லை, மெதுவாகவே வாசி.