வாசலுக்கு வெளியே ஓர் இலை

1962ஆம் ஆண்டு மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டே கால் மணி. காலையில் பெய்த மழை விட்டிருந்தது. தகரக் கூரையிலிருந்து தண்ணீர் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை. அன்று தாத்தாவின் நினைவு நாள். எனக்கு எட்டு வயது நான்கு மாதம்.

அப்பா இரண்டு இலைகளில் படையல் போடுவார். ஒன்று அறைக்குள், பெரிய தாத்தாவின் படத்துக்கு முன்னால். அவர் தாத்தாவின் அண்ணன். அப்பாவையும் அத்தையையும் அதே அறையில் வைத்து வளர்த்தவர். படத்துக்கு மாலை, பத்தி எல்லாம் உண்டு. இன்னோர் இலை தாத்தாவுக்கு. அது கதவுக்கு வெளியே, திறந்த மாடி நடைவழித் தரையில். அவருக்குப் படமும் இல்லை, மாலையும் இல்லை. நினைவு நாள் என்னவோ அவருடையதுதான்.

காரணம் கேட்டால் அத்தையிடம் ஒரே பதில்தான்.

"உங்க தாத்தா ஊர்சுத்திடா. ஒரு எடத்துல இருப்புக் கொள்ளாத மனுஷன். அவருக்கு அங்கதான்."

ஊர் சுற்றுகிறவர் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப அந்த இடம் வசதிதான் என்று நானும் ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். எனக்கிருந்த ஒரே குறை வேறு. உள் இலையில் உள்ளதைப் பிறகு நாங்கள் பங்கிட்டுச் சாப்பிடுவோம். வெளி இலையை மட்டும் அத்தை அப்படியே சுருட்டிக் குப்பையில் போட்டுவிடுவார். இரண்டு வடை, ஒரு முட்டை, ஒரு துண்டு மீன். வருடா வருடம் இந்த நஷ்டம்.

அன்று அடுத்த அறைச் சீனத் தையல்காரரின் பூனை மீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூரைத் தண்ணீர் வேறு சோற்றில் தெறித்தது. அப்பா சூடம் தேடிக்கொண்டிருந்தார். நான் இலையின் இரு முனைகளையும் பிடித்து, நிலைப்படி தாண்டி உள்ளே இழுத்து வந்து, பெரிய தாத்தாவின் இலைக்குப் பக்கத்தில் போட்டேன். வழியில் ஒரு வடை உருண்டது. எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"ஐயோ, உள்ள கொண்டாந்துட்டானே! வாயில வேற வச்சிட்டான்! துப்புடா, துப்புலா!"

அத்தை என் தாடையைப் பிடித்து அழுத்தினார். மறு கை கார்பாலிக் சோப்பைத் தேடியது. அப்பா கையை ஓங்குவார் என்று நான் கண்களை மூடிக்கொண்டேன்.

"விடுக்கா. சாப்பிடட்டும்."

கண்ணைத் திறந்தபோது அப்பா அந்த இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, வேணாம். உனக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சுதான் உக்காந்தேன்."

மழைத்தண்ணீர் கலந்த சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். நான் பயந்தபடியே கணக்கை ஒப்புவித்தேன். "வடை ரெண்டு இருந்துச்சுப்பா. ஒண்ணு நான் தின்னுட்டேன்."

"சரி, இன்னொண்ணு எனக்குலா."

அவர் கண் சிவந்து மூக்கு ஒழுகியது. அம்மா அரைத்த சம்பாலில் மிளகாய் கூடிவிட்டது என்று நினைத்தேன். அத்தை சாப்பிடாமலே போய்விட்டார்.

மறுவருடம் அத்தை சமாதானமாகி வந்தார். இலையும் பழையபடி வெளியே போனது. அப்பா காலமான பிறகு ஈசூன் அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் நானும் அப்படியே போட்டுவந்தேன். போன வருடம்தான் மகள் கேட்டாள்.

"மைனா வந்து எல்லாத்தையும் இறைக்குதுப்பா, நெய்பர் கம்ப்ளேன் பண்றாங்க. உங்க தாத்தா அப்படி என்னதான் தப்பு பண்ணாரு?"

எழுபது வயதுக்கு மேல் ஆகியும் எனக்கு விடை தெரியவில்லை. கெட்ட மனிதராகவே இருந்தாலும் தெரிந்துகொண்டு வெளியே நிறுத்தலாமே என்று தோன்றியது. தாத்தாவின் இறப்புச் சான்றிதழின் நகலை வாங்கினேன். இறந்த இடம் தொழுநோயாளர் இல்லம். அதன் பழைய ஆவணங்களுக்கு விண்ணப்பித்தேன். ஒன்பது வாரம் கழித்து நான்கு பக்கங்கள் கிடைத்தன. தாத்தாவின் பெயருக்கு நேரே, 'அனுமதியின்றி வெளியேறினார்' என்று ஐந்து முறை எழுதியிருந்தது. ஐந்து முறையும் பிடிபட்ட இடம் ஒன்றே: சகோதரரின் வீட்டு வாசல், எங்கள் சந்து, எங்கள் மாடி. அவர் சுற்றிய ஊர் அவ்வளவுதான். 1938ஆம் ஆண்டின் கடைசிப் பதிவில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. பிடிக்கப் போனபோது கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். தகவல் கொடுத்தது யார் என்று எழுதவில்லை. சோறு போட்டது யார் என்றும் எழுதவில்லை. அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

தன் அப்பாவோடு ஒரே இலையில் உட்கார இருபத்து நான்கு வருடம் காத்திருந்த ஒருவரிடம்தான் நான் வடைக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு நல்ல பசி என்று நினைத்தேன்.

இந்த வருடம் இரண்டு இலைகளையும் வீட்டுக்குள்ளேயே போட்டேன். தாத்தாவின் இலையில் முதலில் நான் உட்கார்ந்தேன். மகள் வந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டாள். சான்றிதழ், நகல்கள், பேருந்து, தேக்காச் சந்தையில் வாங்கிய இலை எல்லாம் சேர்த்துச் செலவு அறுபத்தெட்டு வெள்ளி நாற்பது காசு.